மில்பர்ன் பள்ளியின் பேய் ஊர்வலமும் என் ஒற்றை ஓட்டும்

மில்பர்ன், ஒஹையோ
அக்டோபர் 13, ஞாயிறு

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய கார்னீலியா அக்காவுக்கு, தம்பி வெண்டல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மார்னியும் மகள் நெல்லும் உடம்பைப் பொறுத்தவரை நலம். அங்கு உன் நலத்தையும், முழங்கால் ஆப்பரேஷனுக்குப் பிறகு ராய் அத்தான் மாடிப்படி ஏறுகிறாரா இல்லையா என்பதையும் அறிய ஆவல். ஏறவில்லை என்றால் உங்கள் மாடி அறை காலியாகக் கிடக்குமே என்றுதான் கேட்கிறேன். சுற்றி வளைப்பானேன், இந்த மாதம் முப்பதாம் தேதியிலிருந்து நாலு நாள் நான் அங்கே வந்து தங்கலாமா? இதை போனிலேயே கேட்டிருக்கலாமே என்பாய். இந்த வாரம் போன் மணி அடித்தாலே ஊர்க்காரர்களின் ஏச்சுதான், அதனால் ஒயரையே பிடுங்கி வைத்துவிட்டேன்.

பள்ளி நிர்வாகக் குழுவுக்கு நான் போன வருஷம் தேர்ந்தெடுக்கப்பட்டது உனக்குத் தெரியும். ஹார்டுவேர் கடைக்காரன் உள்ளே இருந்தால் ஒழுகுகிற குழாய்க்கு ஒரு வழி பிறக்கும் என்று நாலு பேர் என்னைத் தள்ளிவிட்டார்கள், எதிர்த்து நிற்க ஆள் இல்லை, ஜெயித்துத் தொலைத்தேன். ஒரு வருஷம் குழாயோடு நிம்மதியாகத்தான் போனது. இந்தச் செப்டம்பரில் வந்தது வினை. அரசுப் பள்ளியில் ஹாலோவீன் கொண்டாடலாமா கூடாதா, பிள்ளைகளின் பேய் வேஷ ஊர்வலம் உண்டா இல்லையா என்று குழு ஒரேயடியாக முடிவு செய்தாக வேண்டும் என்று தலைமையாசிரியை ஓய்லர் அம்மாள் கடிதம் கொடுத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு முழுக்கப் பாடம் கிடையாது; ஒவ்வொரு குழந்தையும் கழிப்பறைக்குப் போகும்போது டைனோசரை அவிழ்த்து, திரும்பி வந்ததும் டைனோசரை மாட்டி, டீச்சர்களுக்கு விரல் தேய்ந்துவிடுகிறது என்கிறார். சமாதானமாகப் போகலாம் என்று போன வருஷம் பேய் வேண்டாம், பெயரை மாற்றி அறுவடைத் திருநாள் என்று வைப்போம், பிள்ளைகள் காய்கறி வேஷத்தில் வரட்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். வந்தார்கள் அக்கா. நாற்பத்தொரு பரங்கிக்காய் வந்தது, எல்லாவற்றுக்கும் கண்ணும் மூக்கும் பல்லும் வெட்டியிருந்தது. கூடவே டென்னிஸன் வீட்டுப் பெண் கறுப்பு அங்கியும் மண்டையோட்டு முகமூடியும் ஆளுயர அரிவாளுமாக, உயிரை அறுக்க வரும் மரண தேவன் வேஷத்தில் வந்து நின்றாள். இது என்னம்மா என்று ஓய்லர் அம்மாள் கேட்டதற்கு, "அறுவடைன்னா அறுக்கிறவர் வேணாமா டீச்சர்?" என்றாளாம்.

குழுவில் நாங்கள் ஏழு பேர். கூடாது என்று மூன்று பேர்: பல் டாக்டர் ஃபிங்க் (மிட்டாய்), பாதிரியார் ஹாலக் (சாத்தான்), கிழவர் ஆர்லோ ஸ்டப்ஸ் (அவர் எதற்குமே கூடாது என்றுதான் சொல்வார், புதுக் கூரைக்கும் கூடாது என்றார்). வேண்டும் என்று மூன்று பேர். ஏழாவது ஆள் உன் தம்பி. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் ஆணி கேட்பதற்கு முன்னால் என் ஓட்டைக் கேட்க ஆரம்பித்தார்கள். நான் யாரிடம்தான் யோசனை கேட்கவில்லை? முடி வெட்டுகிறவரிடம் கேட்டேன். பால் பண்ணைக்காரரிடம் கேட்டேன். முதியோர் இல்லத்துக்குப் போய்க் கேட்டேன். ஊர்வலம் அவங்க வாசல் வழியாத்தான போகும், "காலையிலயே தலை சீவி உக்காந்திருவோம், அதுல கை வைக்காதே"ன்னு ஒரு கிழவி என் சட்டையப் பிடிச்சுக்கிட்டாங்க. பள்ளிக்கூடச் சமையல்காரி வில்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். "இங்க பாருங்க வெண்டல், ஷிப்டு வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைங்களை சாயங்காலம் வீடு வீடா மிட்டாய்க்கு யாரு கூட்டிட்டுப் போறது? அதுகளுக்குப் பகல்ல நடக்குற இந்த ஊர்வலம்தான் ஹாலோவீன். அதையும் புடுங்கிட்டா என்ன மிச்சம்?" அவள் சொன்னது நியாயம்தான். நியாயமாகப் பட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது, ஏனென்றால் எனக்குள் வேறொரு நியாயம் ஏற்கெனவே முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

அதுதான் லிடியா பிராட். நம்ம நெல்லோட உயிர்த் தோழி, மூணாம் வகுப்பு. அவங்க சபையில ஹாலோவீன் கிடையாது, கிறிஸ்துமஸ் கிடையாது, அந்தக் குழந்தைக்குப் பிறந்த நாள்கூடக் கிடையாது. வருஷா வருஷம் மத்த பிள்ளைங்க வேஷம் கட்டிக்கிட்டு வெளிய போறப்ப அவளை மட்டும் லைப்ரரியில உக்கார வெச்சிருவாங்க. போன வருஷம் நான் என் கண்ணால பார்த்தேன் அக்கா. நெல் தன்னோட பரங்கிக்காய்க் காம்பை வீட்டுலயே விட்டுட்டுப் போயிருந்தா, அதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டுத் திரும்புறப்ப லைப்ரரி ஜன்னல் வழியா பார்க்குறேன், வெளிய பேண்டு வாத்தியம், அம்மா அப்பாவெல்லாம் மடக்கு நாற்காலி போட்டுக் கைதட்டிக்கிட்டு இருக்காங்க, உள்ள இந்தக் குழந்தை தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் தனியா உக்காந்திருக்கு. நிமிரவே இல்லை. உள்ள போகத் தைரியம் வரல, வந்துட்டேன். வருஷம் பூரா அது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்தச் செப்டம்பர்ல நெல் என்கிட்ட வந்து, "அப்பா, இந்த வருஷம் நான் ஊர்வலத்துக்குப் போகல, லிடியாகூட லைப்ரரியில இருக்கேன்"னு சொன்னா. எட்டு வயசுக் குழந்தை, தோழிக்காக விட்டுக்கொடுக்குதேன்னு நான் அங்கயே அழுதுட்டேன். பெத்தவன் நான் என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்?

இதுக்கு நடுவுல மார்னிதான் ஊர்வலக் கமிட்டித் தலைவிங்கிறதை நீ மறந்திருக்க மாட்டே. ஆகஸ்டுலயிருந்து நெல்லுக்கு ஒரு ஆக்டோபஸ் தைக்கிறா. எட்டுக் கை. ஒவ்வொரு கையும் பழைய காலுறையில பஞ்சு அடைச்சது. என் காலுறை எல்லாம் அதுலதான் இருக்கு, மிச்சம் ஒரே ஜோடி, அதையே தினமும் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போறேன். ஓட்டெடுப்புக்குப் போறதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்லிரணும்னு மூணு தடவை வாயத் திறந்தேன், மூணு தடவையும் மென்னு முழுங்கிட்டேன். ஏழாவது கையத் தைச்சுக்கிட்டு இருந்தா அக்கா, அந்த நேரத்துல எப்படிச் சொல்றது?

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூட்டம். உடற்பயிற்சிக் கூடத்துல உக்கார இடமில்லை, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழ வரைக்கும் ஜனம். என் முறை வந்தது. எழுதி வெச்சிருந்த தாளைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு எழுந்தேன். ஆனா பேச ஆரம்பிச்சதும் எங்கிருந்தோ வந்துச்சு. "இது எல்லாருடைய பள்ளிக்கூடம். முன்னூறு பிள்ளைங்க வெளிய சிரிக்குறப்ப ஒரு பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம் தனியா உக்காந்திருக்கணும்னா, அந்தத் திருநாள் நம்ம பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம். நான் அந்த ஒரு பிள்ளை பக்கம்"னு சொல்லிட்டுக் கையத் தூக்கிட்டேன். நாலுக்கு மூணு. ஊர்வலம் ரத்து. நாலாவது வரிசையில ஒரு அம்மா கண்ணத் துடைச்சாங்க. எனக்கே கண்ணு கலங்கிருச்சு, பொய் சொல்லல. பொறந்ததுலயிருந்து ஒரு தடவையாவது நெஞ்ச நிமித்தி ஒரு காரியம் பண்ணினோம்னு தோணுச்சு. லிடியாவோட அப்பா ஏமஸ் பிராட் கடைசி வரிசையில தலையைக் குனிஞ்சபடி இருந்தார். வெளிய வர்றப்ப என் கையப் பிடிச்சு, "வெண்டல், நாங்க எதுவும் கேக்கலையேப்பா"ன்னார். எவ்வளவு அடக்கமான மனுஷன் பாரு.

மறுநாள் ஆரம்பிச்சுது. காலையில கடையத் திறக்கப் போனா வாசல்ல ஒரு பரங்கிக்காய், என் மூஞ்சி மாதிரியே செதுக்கி வெச்சிருக்கு, கம்பியில மூக்குக்கண்ணாடி வேற மாட்டியிருக்கு. வியாழக்கிழமை இன்னொண்ணு, அதுல என் சொட்டையும் வந்துருச்சு. வெள்ளிக்கிழமை வந்தது இன்னும் நல்லா இருந்துச்சு, யாரோ நிஜமான கைகாரங்க, நெத்திச் சுருக்கம் வரைக்கும் விடல. ஜனங்க ஒரு திருகாணி வாங்க அடுத்த ஊருக்குப் போறாங்க. எனக்குன்னு ஆதரவா நிக்கிறது ரெண்டே பேர், அந்த ரெண்டு பேரையும் எனக்குப் பிடிக்கல. ஃபிங்க் டாக்டர் ஒரு டஜன் பல் தூரிகையைக் கொண்டுவந்து கல்லாவுல வெச்சு, "பிள்ளைங்களுக்கு மிட்டாய்க்குப் பதிலா இதைக் குடுங்க"ன்னார். பாதிரியார் இன்னைக்குக் காலைப் பிரசங்கத்துல என் பேரைச் சொல்லி, சாத்தானை மில்பர்னை விட்டு ஓட்டினவன்னு என்னை எழுந்து நிக்கச் சொன்னார். நான் லிடியாவுக்காகப் பண்ணினேன், சாத்தானோட எனக்கு ஒரு தகராறும் இல்லைன்னு அங்க எப்படிச் சொல்றது? எழுந்து நின்னேன். பக்கத்துல மார்னி முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது.

அவ என்கூடப் பேசி அஞ்சு நாளாச்சு. நெல் மூலமா சொல்லி அனுப்புறா. "அப்பா, சூப் அடுப்புல இருக்காம், வேணும்னா நீங்களே ஊத்திக்கணுமாம்." எட்டாவது கை தைக்காமலே கிடக்கு, ஏழு கை ஆக்டோபஸ் சோபாவுல உக்காந்து என்னையே பார்த்துக்கிட்டு இருக்கு. இதுல எனக்கு நிஜமா உறுத்துறது எது தெரியுமா? நெல்தான். உனக்காகவும் லிடியாவுக்காகவும்தாண்டா செல்லம்னு சொன்னேன். "ம்"னுட்டு மாடிக்குப் போயிட்டா. குழந்தைக்காகப் பண்ணின காரியம், குழந்தை முகத்துல ஒரு சந்தோஷம் தெரியல. சின்னப் பொண்ணு, பெருசானா புரியும்னு மனசைத் தேத்திக்கிறேன், தேற மாட்டேங்குது.

நீ முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவ. நான் பண்ணினது சரின்னு ஒரு வரி எழுது, சட்டைப் பையிலயே வெச்சுக்கிறேன். ஹாலோவீன் அன்னைக்கு மட்டும் என்னால இந்த ஊர்ல இருக்க முடியாது. மாடி அறை இல்லைன்னாலும் பரவால்ல, சோபா போதும், அத்தானோட ஊன்றுகோல் பக்கத்துல ஒரு ஓரமா சுருண்டுக்கிறேன். ராய் அத்தானுக்கு என் வணக்கத்தையும், உன் பூனைக்கு நெல்லின் முத்தத்தையும் சேர்த்துவிடவும். நீங்கள் இருவரும் நோய் நொடியின்றி நீண்ட காலம் இருந்து என்னைப் போன்றவனுக்கு ஒரு புகலிடமாக விளங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

மனசாட்சிப்படி நடந்துகொண்ட உன் தம்பி,
வெண்டல் ஹாஸ்கின்ஸ்

பின்குறிப்பு (திங்கள், சாயங்காலம்): கடிதத்தை ஒட்டி, தபால்தலையும் ஒட்டி, மறுபடி பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதின எதையும் நம்பாதே. பள்ளிக்கூடம் விட்டதும் லிடியா கடைக்கு வந்தாள். தனியாக. புத்தகப் பையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, "அங்கிள், என் நாளை எதுக்கு எடுத்தீங்க?"ன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் விரல் விட்டு எண்ணிச் சொன்னா. ஹாலோவீன் அன்னைக்கு மொத்த லைப்ரரியும் அவளுக்குத்தானாம். லைப்ரரியன் பெட்டர்சன் அம்மா தன்னோட சுழல் நாற்காலியை அவளுக்குக் குடுத்துருவாங்களாம், தேதி முத்திரையைக் கையில குடுத்துப் புத்தகத்துக்கெல்லாம் குத்தச் சொல்வாங்களாம், மத்தியானம் அடுப்புல வாட்டின சீஸ் சாண்ட்விச், அதுக்கப்புறம் லைப்ரரி ஆமையைக் குளிப்பாட்டணுமாம். போன வருஷம் ஜன்னல் வழியா நான் பார்த்தது அதைத்தான் அக்கா. ஆமையோட முதுகைப் பல் தூரிகையால தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்கா, அதுக்கு எப்படி நிமிருவா? "எனக்குப் பிறந்த நாள் கிடையாது, கிறிஸ்துமஸ் கிடையாது. வருஷத்துல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு நாள்தான் அங்கிள். இப்ப அன்னைக்கு எல்லாருக்கும் வகுத்தல் கணக்குப் பரீட்சையாம்"னா. அழல. அழுதிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு. ஊர்ல இருக்குற கிழவன் கிழவி வரைக்கும் கேட்டவன், இந்தக் குழந்தைகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே. வீட்டுக்குப் போய் நெல்லைப் பிடிச்சு, இதெல்லாம் உனக்குத் தெரியுமான்னேன். "தெரியுமே. முத்திரை குத்தத்தான் நான் லைப்ரரிக்குப் போறேன்னு சொன்னேன். நீங்க அதுக்குள்ள அழுதுட்டீங்க"ன்னா.

முடிவான தீர்மானத்தை மறுபடி எடுக்கணும்னா ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்ட ஒருத்தர்தான் எழுந்து கேக்கணும், அதுதான் இங்க சட்டம். பல் டாக்டர் கேக்க மாட்டார், பாதிரியார் கேக்க மாட்டார், ஆர்லோ கூடாதும்பார். அதனால நாளைக்குச் சாயங்காலம் நான் கேட்டு வாங்கின விசேஷக் கூட்டத்துல, அதே ஜனத்துக்கு முன்னாடி, நான் எழுந்து நிக்கணும். மார்னிகிட்ட போய்ச் சொன்னேன். ஊசியில நூலைக் கோத்துக்கிட்டு என் கால்ல இருந்த கடைசி ஜோடி காலுறையக் கழட்டச் சொன்னா. அதனால மாடி அறையை எனக்காகக் காலி பண்ண வேண்டாம். தீர்மானம் திரும்பிட்டா ஹாலோவீன் அன்னைக்கு நான் லைப்ரரியில இருக்கணும், லிடியா வரச் சொல்லியிருக்கா. ஆமைக்கு நான் தண்ணி ஊத்தலாமாம், வாயத் திறக்கக் கூடாதாம்.