பெயரின் வால்

நூற்பட்டியலில் பேராசிரியரின் மனைவியைக் காணவில்லை.

செகெட் நகரத்து அச்சகம் ஒன்றில், பக்கம் கோக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்பவன் கெர்கெய். உரையில் எந்த ஆசிரியர் பெயர் வந்தாலும் கண்டுகொண்டு, கடைசியில் நூற்பட்டியலைத் தானே போட்டுத்தரும் வசதியை நாலு மாதம் மல்லுக்கட்டி அதில் சேர்த்திருந்தான். முதல் வேலையே பேராசிரியர் ஹால்மாகி ஒட்டோவின் எழுபது வயது நிறைவு மலர்.

"ஒட்டோனே அம்மாவ எங்கடா?" என்றாள் அச்சகத் தலைவி பிரோஷ்கா. "அவங்க கட்டுரை நாலும் புருஷன் பேர்ல போயிருக்கு."

கெர்கெய்க்குக் காது சுட்டது. 'ஒட்டோவின்', 'ஒட்டோவுக்கு' எல்லாம் ஒரே ஒட்டோவாகட்டும் என்று, பெயரில் ஒட்டும் வால்களை வெட்டச் சொல்லியிருந்தான். அந்த ஊர் வழக்கப்படி கணவன் பெயரோடு 'னே' சேர்த்தால் மனைவி பெயர். கணினி அதையும் வாலென்று வெட்டி அம்மாளை ஐயாவாக்கிவிட்டது.

"காலைல அவங்க கொண்டாந்த பொகாச்சா ரொட்டி எத்தன தின்ன?"

"மூணுதான் அக்கா."

"நான் எண்ணுனது அஞ்சு."

சட்டையிலிருந்த பாலாடைக்கட்டித் துணுக்கை மெல்லத் தட்டிவிட்டான். காலையில் தட்டை நீட்டியபடி அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நாலே கட்டுரைதாம்ப்பா. அதுலயாவது எம்பேரு வரட்டும்." கணவரின் புத்தகம் அத்தனையையும் தட்டச்சு செய்து கொடுத்தவர் அவர்.

வால் வெட்டுவதை நிறுத்தினான். அம்மாள் திரும்பி வந்தார். ஆனால் பேராசிரியர் நாலு பேராகிவிட்டார்.

"ஒட்டோவுக்குன்னு ஒரு ஆசிரியரா? அந்த ஆள நான் பார்த்ததே இல்லையே," என்றாள் பிரோஷ்கா. "நாளைக்கு விழா. அந்தம்மா முகத்துல நான் முழிக்கணும்."

அவள் முகத்தைப் பார்க்காமலே 'வின்', 'வுக்கு' வால்களை மட்டும் மறுபடி வெட்டினான். 'னே' தவறிப்போகாமலிருக்க, ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாகக் கிடைத்தால் நீளமானதை வைத்துக்கொள் என்று கூடவே ஒரு வரி எழுதினான். பிரோஷ்கா கண்ணாடி போட்டு அம்மாளின் நாலு கட்டுரையையும் விரல் வைத்துப் பார்த்தாள்.

"சரியா இருக்கு. அனுப்பு."

மற்ற வரிகளை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் நூலக மண்டபத்தில் கெர்கெய் மலரின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். பேராசிரியரின் பத்தொன்பது புத்தகங்களுக்கும் ஆசிரியர் ஹால்மாகி ஒட்டோனே. கணினிக்கு இருவரும் ஒரே ஆள். நீளமான பெயர் அம்மாளுடையது.

மேடையில் யாரோ வாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் அந்த அம்மாள் கடைசிப் பக்கத்தை மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

கோட்டு மாட்டும் இடத்தில் ஒளிந்துகொள்ளப் போன கெர்கெய், அங்கே ஏற்கெனவே ஒளிந்து நின்ற பேராசிரியர் மேல் மோதிக்கொண்டான். கழுத்துவரை சிவந்து கிடந்தார் மனுஷன்.

"ஐயா, மன்னிச்சிருங்க. அந்தப் பட்டியல்..."

பேராசிரியர் அவன் வாயைப் பொத்தினார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் காதோடு கேட்டார்.

"உனக்கு யாருப்பா சொன்னது? அவளா?"