கரண்ட்டு நைனா வைத்த பெயர்

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே இருக்கும் குப்பங்களில் அறுபதுகளில் பிறந்த பெண் குழந்தைகளுக்குப் பெயர் வைத்தது அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. ஒரு லைன்மேன். ஊரே அவரை ‘கரண்ட்டு நைனா’ என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

நான் அங்கே ஒரு குப்பத்துக்குப் பள்ளிக்கூட டீச்சராகப் போன வருஷம்தான் அந்த ஊருக்கு மின்சாரம் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் மாலையும் கையுமாக நிற்கிறார். நைனா கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்:

“இந்த ஊர்ல யாரு மாசமா கீறாங்க?”

“யோவ், லைட்டப் போடுய்யா!”

“பொட்டப் புள்ள பொறந்தா மின்னொளின்னு பேரு வெக்கிறேன்னு சொல்லு. அப்பால போடறேன்.”

“ஆம்பளப் புள்ள பொறந்தா?”

“அது உன் பேஜாரு. என்னாண்ட கேக்காத.”

வேர்த்து வழிந்த தலைவர் ஊர் சார்பாகச் சத்தியம் செய்தார். பல்பு எரிந்தது. நைனா வேலை பார்த்த ஊர்களில் எல்லாம் இதே கூத்துதான். அதுவரை யாரும் கேள்விப்படாத பெயர், சில வருஷத்தில் தெருவுக்குத் தெரு ஓடியது. என் வகுப்பில் மட்டும் நாலு மின்னொளி. ஆஜர் எடுத்தால் நாலு பேரும் “உள்ளேன் டீச்சர்!” மேட்டு மின்னொளி, நெட்டை மின்னொளி, கோழி மின்னொளி, சளி மின்னொளி என்று பிரித்தபிறகுதான் எனக்குப் பிழைப்பு ஓடியது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பல்பு மாட்ட வந்தவரிடம் கேட்டேன், “அது என்ன நைனா, அந்தப் பேர்மேல அத்தனை ஆசை?”

“எம் பொண்ணு பேரு டீச்சர்.”

“எங்கே இருக்கா?”

அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை. “நல்ல மழ. அரிக்கேன் வெளக்கு அணைஞ்சி பூட்ச்சி. நெருப்புப் பொட்டி நனைஞ்சி பூட்ச்சி. இருட்டுல மருத்துவச்சி இன்னா பண்ணுவா? தாயும் பூட்டா, புள்ளயும் பூட்ச்சி. விடியறதுக்குள்ள பொதச்சிட்டாங்க. மூஞ்சியக்கூட நான் பாக்கல. பேராவது இருக்கட்டும்னு வெச்சேன்.”

பல்பைத் துணியால் துடைத்து மாட்டிவிட்டுப் போனார்.

எழுபதுகளில் மின்வெட்டு வந்தது. குப்பமே பாதி நாள் இருட்டில் கிடந்தது. பையன்களுக்குக் கொண்டாட்டம். “ஏய் மின்னொளி, இன்னிக்கு எத்தினி மணிக்கு வருவே?” “பீஸ் பூட்ச்சா?” அந்தப் பெயர்க்காரப் பெண் பிள்ளைகள் அழுதுகொண்டு வகுப்புக்கு வந்தார்கள். புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்கு அந்தப் பெயரை யாரும் வைக்கவில்லை.

விஷயம் நைனா காதுக்கு எட்டியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “நீங்க சொன்னா கேப்பாங்க, கூட வாங்க டீச்சர்.” வீடு வீடாகப் போனோம்.

“நான் சொன்னத மறந்துடுங்க. என்னால புள்ளைங்க அழக் கூடாது. பேர மாத்திக்குங்க.”

மேட்டு மின்னொளி செல்வியானாள். நெட்டை மின்னொளி லட்சுமியானாள். கோழிக்காரர் வீட்டிலும் வேறு பெயர் தயாராக இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் தலையாட்டிவிட்டு, அடுத்த வாசலுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

கடைசியாக ஏரிக்கரையில் சளி மின்னொளியின் வீடு. அவளுடைய அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நைனா சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தாள்.

“இன்னா நைனா, வெளயாடறியா? பொறந்ததுலேர்ந்து இந்தப் பேரத்தான் கூப்ட்டுக்கினு கீறேன். கரண்ட்டு போவும், வரும். அதுக்கு எம் பொண்ணு இன்னா பண்ணுவா? அவ மின்னொளிதான். மாத்த மாட்டேன், போ.”

சத்தம் கேட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிறுமி வெளியே வந்து நின்றாள். நைனா மண்ணில் குந்தி அவள் முகத்தையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நல்லா கீறியாம்மா?”

“உம்.”

அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வந்து நான் பள்ளிக்கூடத்தருகே பிரிந்த பிறகும் அவர் சைக்கிளில் ஏறவில்லை; தள்ளிக்கொண்டே போனார்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த கம்பத்தில் அவர் ஏறும்போதெல்லாம் நான் வகுப்பை விட்டு வெளியே வந்துவிடுவேன். அவர் கால் தரையில் படும்வரை அங்கேயே நிற்பேன். அவருக்காகக் காத்து நிற்க வீட்டில் யாரும் இல்லை.