மூச்சுக்கு நாலு ரூபாய்

மூன்று கொட்டேஷன் வாங்காமல் இந்த வீட்டுக்குள் ஒரு மருந்தும் நுழையாது என்று நான் அறிவித்தபோது எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதனால் அறிவிப்பு தவணை முறையில்தான் வெளிவந்தது. "மூணு... கொட்டேசன்... வாங்காம..." என்று நான் இழுத்துக்கொண்டிருக்கையில், என் மனைவி சித்ரா சுடுதண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்து மீதி வாக்கியத்தை அவளே முடித்துவைத்தாள்.

"எதையும் வாங்கப் போறதில்லீங்க. அதானே? சரி, தண்ணியக் குடிங்க."

என் பெயர் அர்த்தநாரி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பதினெட்டு வருடமாக நான்தான் பர்ச்சேஸ். திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கும் சாமியின் பெயரை எனக்கு வைத்தார்கள். அந்தச் சாமிக்கு உடம்பில் பாதியாவது சொந்தம். எனக்கு இந்த வீட்டில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள மொட்டைமாடி ஒன்றுதான் உண்டு. அதில் ஒன்பது பந்தயப் புறாக்கள் வளர்க்கிறேன். எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு தேடி வந்துவிடுகிற ஜாதி. அவற்றின் தலைவி ராசாத்தி என் தோளில் வந்து உட்கார்ந்தால் எனக்கு மந்திரி பதவி கிடைத்த மாதிரி இருக்கும்.

கொஞ்ச நாளாக, ராசாத்தி தோளில் உட்கார்ந்தால் பதவியோடு இழுப்பும் சேர்ந்து வந்தது. நெஞ்சுக்குள் யாரோ விசில் அடித்தார்கள். சித்ரா என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் என்னை ஊதச் சொன்னார், இழுக்கச் சொன்னார், கடைசியில் ஆஸ்துமா என்றார். அப்புறம் பேனாவை மூடிவைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். "வீட்ல கோழி, புறா, நாய், பூனை ஏதாச்சும் வளக்கறீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் என் ஒன்பது பிள்ளைகளும் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

"ஈ, எறும்பு கூடக் கிடையாதுங்க டாக்டர்."

சித்ரா என்னைப் பார்த்தாள். மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் பொய் சொல்லி அவள் சும்மா இருந்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவளைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று வெட்கமாகக் கூட இருந்தது. வெளியே வந்ததும், "குடைய உள்ள விட்டுட்டு வந்துட்டனுங்க, எடுத்துட்டு வாரேன்" என்று திரும்பிப் போனாள். குடையை எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. பெரிய குடை, எடுக்க நேரமாகும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். மருந்து ஒன்றுதான், கருவிதான் வேறு. வாயில் வைத்து அமுக்கினால் புகையாகப் பீச்சும் பம்ப் ஒன்று. கேப்ஸ்யூலைச் சின்னக் கருவிக்குள் போட்டுத் திருகி, பவுடரை உறிஞ்சுவது இன்னொன்று. எது ஒத்து வருகிறதோ அதை வாங்கிக்கொள்ளலாம். விடாமல் தினமும் எடுத்துக்கொண்டால் போதும். வேறு யாராக இருந்தாலும் நேராக மருந்துக்கடைக்குப் போயிருப்பார்கள். நான் பர்ச்சேஸ்காரன். நாமக்கல்லில் லாரி வாங்குகிறவன் முதலில் கேட்பது மைலேஜ். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரியாமல் எந்த வண்டியிலும் கை வைக்கமாட்டான். நானும் ஒரு இழுப்புக்கு எத்தனை ரூபாய் என்று பார்க்கக் கிளம்பினேன்.

பம்ப் நானூற்றெண்பது ரூபாய். நூற்றிருபது இழுப்பு. இழுப்புக்கு நாலு ரூபாய். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்றால் மாதம் ஒரு பம்ப். அதோடு, மருந்து தொண்டையிலேயே தங்கிவிடாமல் நுரையீரலுக்குப் போய்ச்சேர ஒரு பிளாஸ்டிக் குடுவை மாட்ட வேண்டும். அது முந்நூற்றைம்பது, ஒரு தடவை வாங்கினால் போதும். பவுடர் கேப்ஸ்யூல் ஒன்று ஒன்பது ரூபாய். ஒரு நாளைக்கு இரண்டு, மாதம் ஐந்நூற்று நாற்பது. கருவி நூற்றைம்பது.

இரண்டு கொட்டேஷன் ஆயிற்று. மூன்றாவது இல்லாமல் ஒப்பீட்டுப் பட்டியல் எங்கள் பட்டறையில் செல்லாது. மூன்றாவது கொட்டேஷன் என்பது தோற்பதற்காகவே வாங்கப்படுவது என்பது பர்ச்சேஸ்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த உண்மை. டாக்டர் சொல்லாவிட்டாலும், மூஞ்சியில் மூடி வைத்து ஆவி பிடிக்கிற நெபுலைசர் மிஷினையும் சேர்த்துக்கொண்டேன். மிஷின் இரண்டாயிரம், மருந்து மாதம் ஆயிரத்தைந்நூறு. பக்கத்து வீட்டு லாரி மெக்கானிக் கந்தவேல் மட்டும் அதற்கு ஓட்டுப் போட்டார்.

"மிசினை வாங்குங்க அர்த்தநாரி. ரிப்பேர் ஆனா நான் பாத்துக்கறேன்."

"அது கம்ப்ரசர் இல்லீங்க கந்தவேலு, என் மூஞ்சி."

"ரெண்டும் காத்துதானுங்க."

பட்டியலைச் சித்ராவிடம் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"முதல் மாசம் பவுடருதான் கம்மியா இருக்குதுங்களா?"

"ஆமா. ஆனா மேட்டுல ஏறுனாத்தான் வண்டியோட அருமை தெரியும். மூணு மாசம் வரைக்கும் பவுடரு முன்னால போகும். நாலாவது மாசம் பம்ப்பு ஓவர்டேக் பண்ணிரும். ஆயுசு முழுக்க ஓட்டோணுமில்ல? பம்ப்புதான் ஜெயிக்கும்."

"நாலாவது மாசமா?"

"நாலாவது மாசம்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பதினெட்டு வருச சர்வீஸ் புள்ள."

அவள் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே, "அப்ப முறைப்படியே பண்ணீருங்க" என்றாள். "ஞாயித்துக்கெழமை பத்து மணிக்குக் கவரைப் பிரிங்க. கந்தவேலண்ணன் சாட்சியா இருக்கட்டும். எது கம்மியோ அதுக்குத்தான் ஆர்டரு. அப்பறம் பேச்சு மாறக் கூடாது."

"எங்க முதலாளியே வந்து கால்ல விழுந்தாலும் மாத்தமாட்டேன்" என்றேன். வீட்டில் முதல்முறையாக என் தொழிலுக்கு மரியாதை கிடைத்த பூரிப்பில் அன்று கீரையை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை ஒன்பது ஐம்பத்தைந்துக்குச் சித்ரா ஒரு கவரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர். நான்கு மூலையிலும் மஞ்சள்.

"இது என்ன?"

"நாலாவது கொட்டேசனுங்க. பத்து மணிக்கு முன்னால குடுத்தாச் செல்லுமில்ல?"

கந்தவேல் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "செல்லுமுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பிரித்தேன். உள்ளே சித்ராவின் குண்டு எழுத்து. மொட்டைமாடியில் புறாக்கள் இருப்பது டாக்டருக்குத் தெரியும். மாடியில் புறா இருக்கும் வரை மருந்தை நிறுத்துவதைப் பற்றி அவர் பேசவே தயாரில்லை. புறாக்கள் போய்விட்டால் மூன்று மாதம் மருந்து, அதன் பிறகு அவர் பார்த்து அளவைக் குறைப்பார், முடிந்தால் நிறுத்தியும் விடுவார். மூன்று மாதத்துக்குப் பவுடர், கருவி உட்பட ஆயிரத்து எழுநூற்று எழுபது. பம்ப், குடுவை உட்பட ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. ஆகவே பவுடர். ஒன்பது புறாக்களையும் ஐயாயிரத்து நானூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள, மேச்சேரியில் புறா வளர்க்கும் சென்றாயன் சம்மதம். மருந்துச் செலவு போக மீதி மூவாயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய் நமக்கு வரவு.

மற்ற மூன்று கொட்டேஷனிலும் நான் பணம் கொடுக்க வேண்டும். இதில் எனக்குப் பணம் வருகிறது. என் சர்வீஸில் இப்படி ஒரு கொட்டேஷனை நான் பார்த்ததில்லை.

"குடை எடுக்கப் போனியே, அப்பவா?" என்றேன்.

"அந்தக் குடைதானுங்க."

"அது கெடக்கட்டும். பம்ப்பு ஓவர்டேக் பண்ணுமே?"

"நாலாவது மாசம் வந்தாத்தானுங்க பண்ணும்?"

கந்தவேல் எழுந்து, சாட்சி சொன்ன அலுப்பில் காபி கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது. இது இழுப்பு இல்லை, துக்கம். ராசாத்தி இல்லாத தோளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஆனால் அடுத்த நிமிடமே மூளையில் பல்பு எரிந்தது. இவை என்ன ஜாதி? எங்கே விட்டாலும் வீடு திரும்புகிற ஜாதி. மேச்சேரி என்ன பெரிய தூரம், சேலத்துக்கு அந்தப் பக்கம்தானே? கூண்டைத் திறந்த அன்றைக்கே ஒன்பதும் என் மாடியில் வந்து இறங்கிவிடும். விற்றபின் தானாக வந்தால் அது விதி. விதிக்கு நான் பொறுப்பில்லை.

"சரி. ஆர்டர் உனக்கே" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

சித்ரா என் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் காபி போடப் போனாள்.

சென்றாயன் டெம்போவில் வந்து கூண்டோடு ஏற்றிப்போனார். நான் வழியனுப்பக்கூட இறங்கவில்லை. மாடியைக் கழுவிவிட்டு, ஒரு கிண்ணம் கம்பும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்துக் காத்திருந்தேன். முதல் நாள் ஒரு காக்கா வந்தது. மூன்றாம் நாள் இரண்டு மைனா. ஒரு வாரம் ஆனதும் கம்புக் கிண்ணத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சித்ரா வடகம் காயவைத்தாள். பவுடரை ஒழுங்காக உறிஞ்சியதில் விசில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

இரண்டாவது ஞாயிறு, "சேலத்துல ஸ்டீல் ரேட்டு கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எந்த ஸ்டீல் கடை திறந்திருக்கும் என்று அவள் கேட்கவில்லை. பத்திரமாகப் போய்வரச் சொன்னாள். சேலத்தைத் தாண்டி மேச்சேரிக்குப் போனேன்.

சென்றாயன் வீட்டுக் கொல்லையில் என் ஒன்பது செல்வங்களும் கூண்டுக்குள் இருந்தன. ஒவ்வொன்றின் இறக்கையிலும் சின்னதாக நூல் கட்டியிருந்தது. ராசாத்தி என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கம்பியில் மோதியது.

"றெக்கையை ஏன் சென்றாயா கட்டிப்போட்டே?"

"அக்கா சொன்னாங்கண்ணா. ஏத்தும்போதே சொல்லிட்டாங்க. 'அவரு சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு, அதனால புது எடம் பழகற வரைக்கும், ரெண்டு மாசத்துக்கு அவுத்துறாதீங்க'ன்னாங்க."

ராசாத்தியைக் கையில் எடுத்தேன். அது ஆசையோடு சிறகை ஒரு உதறு உதறியது. அவ்வளவுதான், தும்மல் வந்தது, பின்னாலேயே நெஞ்சுக்குள் விசில். பாக்கெட்டைத் தடவினேன். பவுடர் கருவியை வீட்டு மேஜைமேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். சென்றாயன் பயந்துபோய் ராசாத்தியை வாங்கிக்கொண்டார். அப்போது என் போன் அடித்தது. சித்ரா.

"மேச்சேரி போய்ச் சேந்துட்டீங்களா?"

"நான்... ஸ்டீல்..."

"பேசாதீங்க. நீங்க கெளம்பறதுக்கு முன்னாலயே பைக் சைடு பொட்டியில பவுடரும் கருவியும் எடுத்து வெச்சுட்டேன். கேப்ஸ்யூல் நாலு இருக்குது. வெளிய வந்து காத்தாட உக்காந்து ஒண்ணை இழுங்க. வாய் கொப்பளிக்கத் தண்ணி பாட்டிலும் அதுலயே இருக்குது."

பெட்டியைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. வேலியோரம் உட்கார்ந்து, கேப்ஸ்யூலைப் போட்டு, திருகி, ஆழமாக இழுத்தேன். போனை வைக்காமல் என் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள்.

"சத்தம் நின்னுருச்சுங்களா?"

"நின்னுருச்சு."

"ராசாத்தி நல்லா இருக்குதா?"

"இருக்குது."

"சரி. அவ்வளவு தூரம் போயிட்டீங்க, மேச்சேரி ஆட்டுக்கறி ஒரு கிலோ வாங்கிட்டு வந்துருங்க. கொழம்புக்கு மசாலா அரைச்சு வெச்சுட்டேன்."

எலும்போடா, எலும்பில்லாமலா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.