நான்காம் கோப்பைக்குப் போட்ட பத்து

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். இங்கே என் ரத்த அழுத்தத்தைத் தவிர எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. மதுவிலக்குச் சங்கத்துக்குத் தாங்கள் மூன்றாம் முறையாகச் செயலாளர் ஆன செய்தி கேட்டுப் பெருமைப்பட்டேன். அதே வாரத்தில் இப்படியொரு கடிதம் எழுத நேர்ந்ததே என்று கை கூசுகிறது. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

நேற்று நான் பியர் குடித்தேன். ஒன்றல்ல, பத்து வகை.

கடிதத்தைக் கிழிக்காதீர்கள், முழுவதையும் சொல்லிவிடுகிறேன். தேயிலைக் கம்பெனியின் சுவை பார்க்கும் அறையில் முப்பத்தொரு வருடம் உறிஞ்சித் துப்பியவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. ஓய்வு பெற்றபின் இந்த நாக்குக்கு வேலையே இல்லை. வீட்டுச் சமையலைப் பற்றி வாயைத் திறக்கவும் தங்கள் தங்கை தடை போட்டுவிட்டாள். இந்த நேரம் பார்த்து மேல்வீட்டு அச்சகக்காரர் வந்தார். "சார், உங்க நாக்குக்கு ஒரு வேலை வந்திருக்கு. சின்னச் சின்ன ஆலைக்காரங்க சேர்ந்து பியர் போட்டி வச்சிருக்காங்க, லேபிள் எல்லாம் நான் அடிச்சதுதான். மூணாவது நடுவருக்குச் சளி, மூக்கே வேலை செய்யல" என்றார். நான் அந்தச் சமாசாரத்தைத் தொட்டதே இல்லையே என்றேன். "அதனாலதான் சார் நீங்க ஒரு பக்கமும் சாய மாட்டீங்க" என்றார். துப்பிவிடலாம்தானே என்ற தைரியத்தில் ஒத்துக்கொண்டேன். வீட்டில் கண் டாக்டரிடம் போவதாகச் சொன்னேன்.

நீண்ட மேசை, வெள்ளைத் துணி, எண் ஒட்டிய பத்துக் கண்ணாடிக் கோப்பைகள். எனக்கு இந்தப் பக்கம் மதுக்கடை நடத்தும் ஒரு தாடிக்காரர், அந்தப் பக்கம் கல்லூரியில் வேதியியல் நடத்தும் ஓர் அம்மாள். முதல் கோப்பையை எங்கள் தொழில் முறைப்படி சர்ரென்று உறிஞ்சினேன். கூடமே திரும்பிப் பார்த்தது. வாய் நிறைய வைத்துக்கொண்டு துப்பும் பாத்திரத்தைத் தேடுகிறேன், எங்கேயும் காணோம்! வேறு வழியில்லாமல் பூச்சாடியில் துப்பிவிட்டேன். அந்த அம்மாள் பதறிப்போய், "ஐயா, பியரைத் துப்பக் கூடாது! கசப்பு அடிநாக்குலதான் முழுசாத் தெரியும். முழுங்கித்தான் மார்க் போடணும்" என்றார். மச்சான், முழுங்கித்தான் போட வேண்டுமாம்! எழுந்து ஓடியிருக்கலாம், கதவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் எண் ஒட்டிய கோப்பைகளைப் பார்த்ததும் பாழாய்ப்போன பழக்கம் என்னை நாற்காலியோடு கட்டிப் போட்டுவிட்டது.

நான்காவது கோப்பைதான் என் தலையெழுத்தை மாற்றியது. முகர்ந்தால் ஆரஞ்சுத்தோல், அப்போதுதான் வெட்டிய புல். ஆஹா என்று நம்பி ஒரு வாய் முழுங்கினேன். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கசப்பு! மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் மென்ற மாதிரி, காதுக்குள் எல்லாம் கசந்தது. ஹாப்ஸ் என்று ஒரு கொடியின் பூவாம், கசக்க வேண்டும் என்றே மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்களாம். கேட்டுக்கொண்டே இருந்தேன், நம்ப முடியவில்லை.

ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்புப் போடச் சொன்னார்கள். எங்கள் அறையில் ஒன்று என்றால் முதல் தரம், பத்து என்றால் தரையில் கூட்டிய தூள். நாக்கை உறுத்தாத ஏழாம் கோப்பைக்கு ஒன்று போட்டேன். நான்காவதுக்குப் பெரிதாக ஒரு பத்து போட்டு, அடியில் கோடும் இழுத்தேன்.

முடிவு சொன்னார்கள். "நான்காம் எண்! ஒரு நடுவர் பத்துக்குப் பத்தே போட்டிருக்கார்!" தாடிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பன்னிரண்டு வருஷத்துல யாரும் பத்து போட்டதில்ல சார், உங்களுக்கு என்ன துணிச்சல்!" என்றார். இவர்கள் ஊரில் பத்துதான் முதல் தரமா? சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள், அதைக் காய்ச்சியவர் ரப்பர் பூட்ஸோடு மேடை ஏறிவிட்டார்.

என் மகள், மச்சான்! நம் வீட்டுப் பெண்!

பார்லி கம்பெனியில் வேலை என்றுதானே சொன்னாள்? பியர் காய்ச்சுவதே பார்லியில்தானாம், பார்லி என்ற வரைக்கும் உண்மைதான். அந்தக் கம்பெனிக்கு அவளுடைய ஒழுக்கத்தைப் புகழ்ந்து சிபாரிசுக் கடிதம் கொடுத்ததே தாங்கள்தான் என்பதை நினைத்தால் எனக்குக் கண் இருட்டுகிறது. இதில் தங்கள் தங்கைக்கு இரண்டு வருடமாகவே எல்லாம் தெரியுமாம்! என்னோடு அவள் பேசாமல் இருப்பது கண் டாக்டர் பொய்க்காக மட்டும்தானாம்.

என்னைப் பார்த்ததும் மகளும் மேடையிலேயே நின்றுவிட்டாள். பிறகு இறங்கி வந்து, பூட்ஸ் ஈரத்தோடு என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பா, திட்டுவீங்கன்னு பயந்துதான் சொல்லல. நீங்களா பத்து போட்டீங்க? உங்களுக்குப் புரிஞ்சுதாப்பா?" என்று அழுதாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் மச்சான், ஆட்டிவிட்டேன்.

இந்தப் பரிசு நிலைத்தால் அவள் ஆலைக்குத் தலைமைத் தயாரிப்பாளர் ஆவாள். இல்லாவிட்டால் அந்த வகையையே நிறுத்திவிடுவார்கள். இரண்டு வருட உழைப்பும் சாக்கடைக்குப் போகும். நான் வாயைத் திறந்தால் மகள் போய்விடுவாள், மூடினால் முப்பத்தொரு வருட நாக்கின் நாணயம் போய்விடும். இரவு முழுக்கப் புரண்டுவிட்டுத் தீர்மானித்திருக்கிறேன்: நாளைக் காலை போட்டிக் குழுவிடம் போய் ஒத்துக்கொள்ளப் போகிறேன். மகள் முகத்தைப் பார்த்து மனசு மாறாமல் இருக்கத் தாங்கள்தான் ஆசி கூற வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் அன்பு.

இனி சொட்டும் தொடாத,
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மாமா, இது உங்கள் மருமகள் எழுதுவது. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி அப்பா என்னிடமேதான் கொடுத்தார். உறையை ஒட்டவும் மறந்துவிட்டார். அவருடைய பத்து எப்படிப்பட்ட பத்து என்று எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் எண்பது வாங்கியபோது எண்பதாவது இடமா என்று கேட்டவர். நேற்று வாங்கிப் பார்த்த நடுவர் தாளில் அந்தப் பத்துக்குப் பக்கத்திலேயே "கழித்துவிடவும்" என்று எழுதியிருந்தது. கொஞ்சம் அழுதேன். பிறகு குழுவிடம் போய்ச் சொன்னேன். அப்பாவின் மதிப்பெண்களை எடுத்துவிட்டுக் கூட்டினார்கள். மற்ற இருவரும் எனக்கு ஒன்பது, ஒன்பது. பரிசு எனக்குத்தான்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒத்துக்கொள்வதற்கு முன் இன்னொரு தடவை சுவை பார்ப்பதுதான் தொழில் தர்மமாம். சாப்பாட்டு மேசையில் என் பாட்டிலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறார், எதிரில் அம்மா. முதல் வாய்க்குப் பத்தாம் தரம் என்றார். அரை டம்ளரில் ஆறு என்றார். இப்போது மூன்றில் இருக்கிறார். ஒன்று வந்ததும் சொல்லிவிடுகிறேன்.