பெண் பார்க்க வந்த அன்று நான் விட்ட ஆடு

உப்பு கம்மி என்பவரையும் உப்பு ஜாஸ்தி என்பவரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து, ஒரே குழம்பை ஊற்றி, இருவரையும் "ஆஹா" சொல்லவைக்க முடியாது. இது தெரிந்தும் அதையே நான் தொழிலாக வைத்திருக்கிறேன்.

அப்போது திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரி போய், ஒரு சின்ன வீடியோ கேம் கம்பெனியில் வேலை பார்த்தேன். எங்கள் கேமில் கிராமத்து ரோட்டில் பஸ் ஓட்ட வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு கஷ்டம் வைப்பது என்பது என் பொறுப்பு. பொழுதுபோக்குக்கு ஆடுபவர்கள் மிரண்டு ஓடக் கூடாது. வெறியோடு ஆடுபவர்கள் 'சப்பையா இருக்கு' என்று விட்டுப்போகக் கூடாது. (திட்டு மட்டும் இரண்டு பக்கமும் தவறாமல் வரும்.)

அந்த வாரம் வெறியர்களின் கை ஓங்கியிருந்தது. ஆகவே வளைவுகளில் குறுக்கே ஓட ஆடுகளை விட்டேன். மோதினால் ஆட்டம் காலி. அந்த ஆடுகள் எல்லோர் போனுக்கும் போய்ச் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமைதான் விழுப்புரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் கணக்கு வாத்தியார். கூட அவருடைய அம்மா.

பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி, இல்லாத அடக்கம் எல்லாம் சேர்த்துக்கொண்டு காபித் தட்டோடு வந்தேன். பையனின் அம்மா போனில் மூழ்கியிருந்தார். அதிலிருந்து "மே...!" என்று ஒரு அலறல்.

"ஐய! நேத்து வரைக்கும் நல்லாத்தானே போய்க்கினு இருந்துச்சு? எந்தக் கட்டையில போறவன் இந்த ஆட்டை விட்டான்?"

"நான்தாங்க" என்றேன். (என் வாய் என்னைக் கேட்டுப் பேசுவதில்லை.)

பையன் முதல்முறையாகத் தன் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்ப மலைப்பாதையை ஈசியாக்கினது?"

"அதுவும் நான்தாங்க."

"ஏங்க, அதைக் கண்ணை மூடிக்கினு ஓட்டலாங்க! ஆடு சூப்பரு. இன்னும் ரெண்டு மாடு விடுங்க."

"மாடு வேற கேக்குதா உனக்கு?" என்று அவர் அம்மா எகிற, என் தட்டு சாய்ந்து, ஒரு டம்ளர் காபி பையனின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. என் அம்மா சமையலறைக்குள் ஓடி ஒளிந்தாள். "பொண்ணு நல்லா சமைக்கும்ங்க" என்றார் அப்பா. (இதைவிடப் பெரிய பொய்யை அவர் சொன்னதில்லை.)

நான் தட்டை வைத்துவிட்டு அந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "திரும்ப ஓட்டுங்க. ஆடு வர்றப்ப சொல்றேன்." சொன்னேன். அப்படியும் மோதினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"நான் ஜெயிக்கவாம்மா ஆடறேன்? எங்க வூட்ல ஒரு சைக்கிள்கூட யாரும் என் கையில குடுத்தது இல்ல. இதுலதான் மல்லாட்டை வெளஞ்ச கொல்லையெல்லாம் பாத்துக்கினு, ஜனங்களை ஏத்தி எறக்கிக்கினு, நானா ஓட்டிக்கினு போவேன்."

சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்த பையனின் கை நின்றது. "என்கிட்ட சொல்லவே இல்லியேம்மா?"

"நீ எங்கடா போன்லேருந்து தலையைத் தூக்கின?"

"ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்று கிளம்பினார்கள். அதற்கு அர்த்தம் திண்டிவனத்தில் எல்லோருக்கும் தெரியும். என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ சம்பந்தம் போனதைவிட அந்த அம்மாவின் கண்ணீர்தான் உறுத்தியது.

மறுநாள் ஆபீசில் சண்டை போட்டேன். ஆடு, வேகம், போட்டி எல்லாம் ஒரு ரோட்டில் இருக்கட்டும். இன்னொரு ரோட்டில் நேரமும் வேண்டாம், பாயிண்டும் வேண்டாம், சும்மா ஓட்டட்டும்.

"ஜெயிக்கவே முடியாத கேமை யாரு ஆடுவாங்க?" என்றார் முதலாளி.

"என் மாமியார்" என்றேன். (வாய்தான். அப்போது எனக்கு மாமியாரே கிடையாது.)

புது ரோடு வந்த அன்று எங்கள் வீட்டுக்கு விழுப்புரத்திலிருந்து போன் வந்தது. "ஆட்டைக் காணமேம்மா! எந்தெந்த மலையெல்லாம் சுத்திட்டு வர்றேன் தெரியுமா? சரி, அப்பாகிட்ட போனைக் குடு, முகூர்த்தம் பாக்கணும்."

கல்யாணத்துக்குப் பிறகு கோலியனூர் பக்கம் ஒரு மைதானத்தில் அத்தைக்கு நிஜ ஸ்கூட்டரே கற்றுக்கொடுத்தேன். சைக்கிள்காரர்கள் அவரை முந்திக்கொண்டு போவார்கள். முன்னால் பைக்கில் போகும் என் வீட்டுக்காரர் திரும்பி, "ஜல்தி வாம்மா!" என்று கத்துவார்.

"நீ போடா. நான் சும்மா ஓட்டுறவ."

இப்போது எங்கள் வீட்டில் யார் எதற்குத் தாமதித்தாலும், குளிக்கப் போனவர் வெளியே வராவிட்டாலும், தோசை வராவிட்டாலும், உள்ளேயிருந்து வரும் பதில் இது ஒன்றுதான்.