என் பிணத்தின் மீசை விஷயமாக

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது.

நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எங்கள் சாப்பாட்டு மேசையில் நான் செத்துக் கிடப்பதால் அப்படி எழுதக் கை வரவில்லை. விவரம் கீழே.

நான் ஓய்வு பெற்றதும் எனக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். உங்கள் தங்கை முந்திக்கொண்டாள். விக்டோரியா ராணி காலத்து ஆங்கில நாவல்களில் வருகிற மாதிரியான காட்சிகளைச் சுண்டுவிரல் உயரப் பொம்மைகளால் செய்கிறாள். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் கடையில் கிடைப்பதில்லையாம், போர்வீரர்கள்தான் கிடைக்கிறார்களாம். ஆகவே ஒரு பட்டாளத்தையே வாங்கி, தலைகளைச் சீவி, துப்பாக்கிகளைக் குடைகளாக்கி, கால்சட்டை மேல் பசைமாவை அப்பித் தரை கூட்டும் பாவாடைகளாக்கி, வர்ணம் பூசிச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிறுத்தினாள். நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட ஆரம்பித்தோம். ஒருநாள் தம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு, "இன்னைக்கு டீ கொஞ்சம் தண்ணியா இருக்கே" என்றேன். "அது பாதிரியாரோட அங்கிக்கு வர்ணம் அடிச்ச பிரஷ் கழுவின தண்ணி. தம்ளர வைங்க, இன்னும் வேணும்" என்றாள். இன்னொரு நாள் முடிவெட்டுகிறவர் என் சட்டைக் காலரிலிருந்து எதையோ எடுத்து, "சார், இந்தத் தலை உங்களுதா?" என்று கேட்டார். கடையே திரும்பிப் பார்த்தது. ஒரு டீச்சரம்மா பொம்மையின் தலை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதையெல்லாம் பொறுத்தேன், மச்சான். போன வாரம் புதுக் காட்சி தயாரானது. பணக்காரக் கிழவர் ஒருவர் கட்டிலில் செத்துக் கிடக்கிறார், சொந்தக்காரர்கள் உயில் வாசிப்பதற்குக் காத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் வழுக்கை, தொங்கு மீசை, தாடைக்குக் கீழே இன்னொரு தாடை. நான்! பக்கத்தில் நிற்கிற விதவையின் முகத்தில் அவ்வளவு நிம்மதி. பிரமை என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா வந்து கட்டிலைப் பார்த்து, என்னைப் பார்த்து, "அப்படியே உரிச்சு வச்சிருக்கு. உடம்புக்கு இப்ப பரவாயில்லையா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் உங்கள் தங்கை குளிக்கப் போனபோது அவளுடைய கத்தியை எடுத்துப் பிணத்தின் மீசையைச் சுரண்டினேன். மீசையோடு மேலுதடும் வந்துவிட்டது. பிணம் இளிக்க ஆரம்பித்தது. அவள் வந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். "சவரம் யாரு? நீங்களா?" என்றாள். அவ்வளவுதான். அவள் கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அன்றிலிருந்து பொம்மைகளோடு பேசுகிறாள், என்னோடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பொம்மைச் சங்கத்தின் கண்காட்சி. ஊரே வந்து என் சாவைப் பார்க்கப்போகிறது. அதுகூடப் போகட்டும். நான் போய்ச் சேர்ந்தால் இவள் முகம் உண்மையிலேயே அப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் சனிக்கிழமைக்குள் வந்து, அண்ணன் என்ற முறையில் அவளை நாலு வார்த்தை கண்டிக்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உயிரோடு இருக்கும்வரை உங்கள் அன்பை வேண்டும்,

உங்கள் தங்கை வீட்டுக்காரன்.

பி.கு.: உறை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். "கண்ணாடியப் போட்டுப் பாருங்க. அது நீங்க இல்ல, எங்க அண்ணன்!" என்கிறாள். போட்டுப் பார்த்தேன். நீங்களேதான், மச்சான். கண்டிக்கும்படி கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காட்சி பிரமாதம், உங்கள் களை முழுதும் வந்திருக்கிறது. மேலுதட்டுக்கு மன்னிக்கவும். "அப்ப நான் எங்க?" என்று கேட்டேன். கதவோரம் கைக்குட்டையோடு நிற்கிற ஆளைக் காட்டினாள். "அங்க மனசார அழுவுற ஒரே ஆளு" என்றாள். உங்களுக்காகத்தான் அழுகிறேன். மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. சொன்னேன், கத்தியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள்.