வால்வு அக்காவும் கிழிகிற சத்தமும்

மன்னார்த் தீவில் மின்சாரத்துக்குப் பயப்படாத மனிதர்கள் பலர் இருக்கலாம். மின்சாரம் பயந்தது ஒரே ஒருவருக்குத்தான். அவர் கீரிக் கிராமத்தில் இருந்த வால்வு அக்கா.

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் மன்னார் நகரத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். திரும்பி வந்தவர்களின் வீடுகளுக்குக் கூரைத் தகடு கொடுப்பது எங்கள் வேலை. பகல் முழுக்கத் தகடு, பின்னேரமானால் கிற்றார். கொழும்பில் வாங்கிய மின்சாரக் கிற்றார் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் சத்தத்தைப் பெருப்பிக்கும் அம்ப்ளிஃபயர் இருக்கவில்லை. அம்ப்ளிஃபயர் இல்லாத மின்சாரக் கிற்றாரின் ஓசை பக்கத்தில் இருக்கும் நுளம்புக்குக்கூடக் கேட்காது. என்னோடு அறையில் இருந்த நண்பன், நான் அதைத் தினமும் துணியால் துடைக்கிறேன் என்றே நினைத்திருந்தான்.

வாசிக்கிறேன் என்று தெரிந்ததும் அவன்தான் வழி சொன்னான். "கீரியில ஒரு மனுசி பழைய ஸ்பீக்கர் செட்டெல்லாம் சேர்த்து வைச்சிருக்கிறா. போய்க் கேட்டுப் பார். எதையும் தொட்டுடாதே."

சைக்கிளில் போனேன். பூசாத கல் வீடு, மேலே எங்கள் கந்தோர்த் தகடு. முற்றத்து மேசையில் மூடி கழற்றிய இரும்புப் பெட்டி. உள்ளே வால்வு என்கிற கண்ணாடிக் குமிழ்கள் செம்மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தன. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் பெட்டிக்குள் எதையோ குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அணிவகுப்பைப் பார்வையிட வந்த இராணுவத் தளபதி போலிருந்தார்.

"கிட்ட வராதேங்கோ. உள்ளுக்கு நானூறு வோல்ட் கிடக்கு."

"கையில ஏதும் காயமோ அக்கா?"

"இல்லைத் தம்பி. ரெண்டு கையையும் உள்ள விட்டா கரண்ட் ஒரு கையால ஏறி மற்றக் கையால இறங்கும். நடுவில நெஞ்சு கிடக்கு. ஒரு கை எண்டா அதுக்குப் போக வழியில்லை. வெக்கப்பட்டு நிண்டிடும்."

அந்தப் பழக்கம் முற்றி, சோறு பரிமாறுவதும் கோழி துரத்துவதும்கூட ஒரே கையால்தான். "சிலுவை போடுறதும் ஒரு கையாலதானே" என்று திருச்சபையையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்வார்.

அக்கா இந்தியாவில் அகதி முகாமில் நெடுங்காலம் இருந்தவர். முகாமுக்குப் பக்கத்தில் இருந்த மைக் செட் கடையில் வேலை பழகியவர். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் சட்டி பானையும் தையல் மெஷினும் கொண்டுவந்தார்கள். அக்காவின் பெட்டிகளுக்குள் சேலையில் சுற்றிய வால்வுகள். பேச்சிலும் இரண்டு கரை இருந்தது. சந்தோசம் வந்தால் மன்னார்த் தமிழ். கோபம் வந்தால் கடை முதலாளியிடம் கற்ற தமிழ். "என்னய்யா பண்ற" என்று தொடங்கினால் அக்கம்பக்கம் கதவைச் சாத்தும்.

அந்த நாட்களில் கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் புதுப் புது ஸ்பீக்கர் செட்டுகள் உதவியாக வந்துகொண்டிருந்தன. வெளியே போட்ட பழைய வால்வு செட்டுகள் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அவற்றை மூக்கால் தரம் பிரிப்பார். ஒன்றை மோந்து, "சாம்பிராணி. இது அந்தோனியார்" என்பார். அடுத்தது, "கற்பூரம். பிள்ளையார்." அடுத்தது அத்தர் மணத்தது.

"மூலையில இருக்கிற அது?"

"அதுக்கு மூக்கே தேவையில்லை. கருவாட்டுச் சங்கம்."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கிற்றாருக்கென்று அவர் அதுவரை ஒரு செட்டும் செய்ததில்லை. செய்ததில்லை என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. என்னைவிட அவருக்குத்தான் அவசரம் பிடித்துக்கொண்டது. கிற்றாரை வாங்கி, திருப்பி, முகர்ந்து, "இதுக்கு ஒரு மணமும் இல்லை. இனித்தான் வரும்" என்றார். மூன்றாம் தடவை போனபோது நான் 'நீங்கள்' இல்லை, 'நீ'.

வீட்டில் இருந்தவை ஒன்றும் சரிவரவில்லை; தகுந்த செட் நறுவிலிக்குளம் என்ற ஊரில் நெல் விதைக்கும் ஒரு கமக்காரரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். இருப்பதென்றால், இடம்பெயர்ந்தபோது தகர ட்ரம்முக்குள் பொலித்தீன் சுற்றித் தன் காணியில் புதைத்துவிட்டுப் போயிருந்தார். எங்கே என்பதுதான் மறந்துவிட்டது. முதலில் தோண்டிய இடத்தில் ஓர் ஆட்டுக்கல் வந்தது. "இஞ்சையோ கிடந்தது?" என்று அவர் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த இடத்தில் ஒன்றும் இல்லை. பிறகு அந்த அம்மா குசினிக்குள் இருந்தபடியே, "வைக்கோல் போர் நிண்ட இடத்தில எண்டு நான் சொன்னா ஆர் கேக்கிறது" என்றார். அங்கேதான் இருந்தது. வால்வு ஒன்றும் உடையவில்லை. அக்கா மண்ணில் இருந்தபடியே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் செட்டுக்கு யன்னல் பக்கத்து இருக்கை. நின்றுகொண்டிருந்த ஒருவர், அதைக் கீழே இறக்கினால் தான் இருக்கலாமே என்றார்.

"ஆண்டவரே மூண்டாம் நாள் எழும்பிட்டார். இவர் எத்தினை வருசம் மண்ணுக்குள்ள இருந்தவர். கொஞ்சம் வெளியைப் பாத்துக்கொண்டு வரட்டும்" என்றார் அக்கா. அந்த மனிதர் மன்னார் வரை நின்றுகொண்டே வந்தார்.

முதன்முதலாகக் கரண்ட் கொடுத்தபோது உள்ளே இருந்த பழைய கண்டன்சர் ஒன்று வெடித்தது. சின்னச் சாமான்தான், சத்தம் துவக்குச் சூடு. புகை அடங்கி நான் வெளியே பார்த்தால் ஒழுங்கையில் ஒரு ஆளும் நிற்கவில்லை. சனம் முழுக்க நிலத்தில் படுத்திருந்தது. எதிர்வீட்டுப் பெண், குழந்தையோடு கட்டிலுக்குக் கீழே. அக்காவின் முகம் வெளிறிப்போனது. வீடு வீடாகப் போய், "நான்தான், என்ர செட்தான், எழும்புங்கோ" என்று கைபிடித்துத் தூக்கிவிட்டார். அதன் பிறகு சுவிச்சைத் தொடுமுன் ஒழுங்கைக்கு வந்து, "போடப் போறன். வெடிச்சாலும் வெடிக்கும். ஒருத்தரும் படுக்க வேண்டாம்" என்று கத்திவிட்டுத்தான் உள்ளே போவார். கொஞ்ச நாளில் ஒழுங்கை அந்தக் கத்தல் கேட்டதும் பயப்படாமல் எழும்பித் தேத்தண்ணி வைக்கப் பழகிவிட்டது.

கண்டன்சர்களை மாற்றினார். மைக் வயர் செருகும் வாசலைக் கிற்றாருக்கு ஏற்றமாதிரித் திருத்தினார். ஒரு பின்னேரம் என் கிற்றார் முதன்முதலாகப் பேசியது. மணி அடித்தது போன்ற சுத்தமான நாதம். அக்கா கண்ணை மூடி ரசித்தார். நான் சத்தம் கூட்டும் திருகியைப் பிடித்துக் கடைசி வரைக்கும் திருப்பினேன். வால்வுகள் திணறின. சத்தம் கிழிந்து, கரகரத்து, நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. றொக் பாட்டுகளில் கேட்ட இந்தச் சத்தத்துக்குத்தான் நான் வருடக்கணக்காக ஏங்கியிருந்தேன். கதிரையில் ஏறி நின்று வாசித்தேன்.

அக்கா ஓடிவந்து சுவிச்சை நிறுத்தினார்.

"பழுது."

"இல்லை அக்கா. இதுதான் வேணும்."

"கிழியுது தம்பி."

"கிழியத்தான் வேணும்."

காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு இருந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"முகாமில ஆரும் போன் எடுத்தா மைக்கிலதான் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கள். ஒரு நாள் ஊரில இருந்து என்ர தம்பி எடுத்தவன். கூப்பிட்டிருக்கிறாங்கள். செட் கிழிஞ்சு ஆரின்ர பேரெண்டே விளங்கேல்லை. நான் உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிண்டனான். அதுக்குப் பிறகு அவன் எடுக்கேல்லை. எங்க எண்டும் தெரியாது. அடுத்த கிழமை போய் அந்த மைக் செட் கடையில வேலை கேட்டனான்."

கிற்றாரை உறைக்குள் வைக்கப் போனேன்.

"எங்க ஓடுறாய். கிழிச்சுத் தாறன். நான் செய்ததெண்டு மட்டும் சொல்லாதே."

அந்தோனியார் கோயில் திருவிழா மாலையில் இளைஞர் குழுவின் இசை நிகழ்ச்சி. நானும் கிற்றாரோடு மேடையில். முன்வரிசையில் அக்கா. நான் சொல்லவில்லை என்றாலும் அது ஆருடைய செட் என்று ஊருக்கே தெரியும். பாட்டு நடுவில் என் தனி வாசிப்பு வந்தது. முழுசாகத் திருப்பினேன். கிழிந்தது. முன்வரிசைத் தலைகள் எல்லாம் அக்கா பக்கம் திரும்பின. ஆரோ இரக்கத்தோடு, "செட் பழுதாப் போச்சோ அக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அதற்கு மேல் பொறுக்க அவரால் முடியவில்லை. மேடையேறிப் பாடகனிடமிருந்து மைக்கைப் பறித்தார்.

"அன்பானவர்களே, செட்டில ஒரு பிழையும் இல்லை. நான் கிழிக்கேல்லை. இந்தத் தம்பி கேட்டு வாங்கினவர்."

சொல்லிவிட்டுத் திருகியைக் குறைத்தார். நான் கூட்டினேன். அவர் குறைத்தார். கிற்றார் ஒரு வரி தேவதையாகவும் ஒரு வரி பேயாகவும் மாறி மாறிப் பாடியது. ஃபாதர் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார். சனம் இரண்டு கட்சியானது. அப்போது பின்னாலிருந்து ஒரு மீனவரின் குரல்:

"அக்கா, விடுங்கோ. பெரிய எஞ்சின் பூட்டின வள்ளம் முழு வேகத்தில கரைக்கு வாற மாதிரிக் கிடக்கு."

பெரிய எஞ்சின் பூட்டக்கூடாது, கடலில் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று கடற்படை தடுத்து வைத்திருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. சனம் "ஓம், ஓம், உண்மைதான்" என்று ஆர்ப்பரித்தது. அக்கா திருகியிலிருந்து கையை எடுத்தார். இறங்கிப் போகவில்லை. பாட்டு முடியும்வரை செட்டுக்குப் பக்கத்தில் காவலாய் நின்றார்.

நிகழ்ச்சி முடிந்ததும் செட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். கேட்டால், "வேலை இருக்கு." அப்படியே நாட்கள் போயின. ஒரு பின்னேரம் கூப்பிட்டு அனுப்பினார். செட் கடற்கரையில் ஒரு மேசையில் இருந்தது. வீட்டிலிருந்து நீள வயர். பக்கத்துத் தடியில் பழைய குழாய் ஸ்பீக்கர். செட்டின் முகத்தில் இப்போது இரண்டு வாசல்.

"இது உனக்கு. எவ்வளவும் கிழி. இது மைக்குக்கு. இதில பேர் சொன்னா பேர் விளங்க வேணும். சொல்லு பாப்பம்."

கரை நெடுக மீனவர்கள் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். தன் பேர் விளங்கியவர் கையைத் தூக்கவேண்டும் என்று அக்கா சொல்லி வைத்திருந்தார். நான் மைக்கில், "மரியதாஸ்" என்றேன். ஒரு கை எழும்பியது. "சூசை." இன்னும் தள்ளி ஒரு கை. "பாக்கியநாதன்." ஆட்கள் கண்ணுக்கு எறும்பாய்த் தெரிந்த இடத்தில் இரண்டு கை எழும்பின. அந்தப் பேரில் இரண்டு பேராம்.

அக்கா ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "சரி, இப்ப நீ வாசி" என்றார்.

நான் முழுசாகத் திருப்பினேன். அக்கா கரையோடு நடக்கத் தொடங்கினார். எதுவரை கேட்கிறது என்று பார்க்கப் போகிறாராம். வலைகளைத் தாண்டி, வள்ளங்களைத் தாண்டிச் சின்னதாகிக்கொண்டே போனார். எனக்குத் தெரிந்த பாட்டுகள் முடிந்துவிட்டன, விரலும் எரிந்தது. அவர் திரும்பி வந்து சேரும்வரை நான் நிறுத்தவில்லை.